பூகோள குரூப்புக்குப் பதினைந்து பேர்

"ஏழு பேர்தான் சார்" என்றார் தலைமையாசிரியை.

அட்லஸ் சார் விண்ணப்பங்களை வாங்கி இன்னொரு முறை எண்ணினார். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்ற நப்பாசையில் ஒவ்வொரு தாளையும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். ஏழு ஏழாகவே இருந்தது.

"அதுலயும் ஒருத்தன் தப்பான கவுன்டர்ல நின்னுட்டானாம். நாளைக்கு அவங்க அப்பா வந்து மாத்திக்கறாராம்."

"அப்ப ஆறு."

"பதினஞ்சு இல்லேன்னா குரூப்பை மூடிடணும்னு மேலிடத்து உத்தரவு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோட அட்மிஷன் முடியுது."

"மூடிட்டா நான்?"

தலைமையாசிரியை மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். பிறகு ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். "அங்க ஒரு காலியிடம் இருக்காம்."

இத்தனை வருடமாகப் பூகோளம் நடத்துகிறவருக்கு அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியவில்லை. பூகோள அறைக்குப் போய்ப் பெரிய வரைபடத்தை விரித்துத் தேடினார். எங்கும் காணவில்லை. மிச்சமிருந்த ஒரே இடத்தில் வரைபடம் மடிப்போடு கிழிந்திருந்தது.

அட்லஸ் என்பது பையன்கள் வைத்த பெயர். எந்த வகுப்புக்குப் போனாலும் கக்கத்தில் அந்தத் தடிப் புத்தகம் இருக்கும். முதல் வருடம் முதுகுக்குப் பின்னால் அழைத்தார்கள். இரண்டாம் வருடம் தலைமையாசிரியையே வாய் தவறி அழைத்தார். மூன்றாம் வருடத்திலிருந்து அவர் மனைவியும் கோபம் வந்தால் அப்படித்தான் அழைக்கிறாள்.

செல்போன் வராத காலம் அது. தெருவுக்கு ஒரே தொலைபேசி, அதுவும் மருந்துக்கடையில். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் தெருவெல்லாம் ஒரே கேள்வி: "என்ன குரூப்பு?" பிள்ளைக்கு எதில் விருப்பம் என்று யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் பிள்ளைக்குத் தெரியாது. பள்ளியில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை எந்த வரிசையில் போய் நிற்கிறதோ, அதே வரிசையில் தன் பிள்ளையையும் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் யோசிச்சுத்தான் முடிவு பண்ணினோம்" என்று சொல்லிக்கொள்வது பெற்றோர் வழக்கம்.

அந்த வருடம் பள்ளியில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை, அட்லஸ் சாரின் மகள்.

* * *

"கணக்கு குரூப். இதுல பேச்சே கிடையாது" என்றாள் மனைவி.

மகள் கூடத்து மூலையில் உட்கார்ந்து, கிழித்துப் போட்ட காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் கொடுத்த கணக்கில்லை. அவளே கேள்வி எழுதி, அவளே போட்டு, அவளே சரி என்று டிக் அடித்துக்கொள்வாள். மற்ற வீட்டுப் பெண்கள் தாயம் ஆடுகிற மாதிரி.

"நான் ஒண்ணும் வேற குரூப்பு சொல்லலையே" என்றார் அட்லஸ் சார். "என் குரூப்பை மூடப் போறாங்கன்னுதான் சொன்னேன். டிரான்ஸ்பர் வந்துடும் போல இருக்கு."

"எந்த ஊரு?"

"கிழிஞ்சிருக்கு."

"என்னது?"

"ஊரு... தூரம். ரெண்டு பஸ் மாறணும்."

"அப்ப நீங்க மட்டும் போயிட்டு வாங்க. நாங்க இங்கயே இருக்கோம். இவ படிப்பு கெடக் கூடாது."

"எனக்குச் சமைக்கவே தெரியாதேடி."

"வெந்நீர் போடத் தெரியும்ல? அதுல எதையாவது போடுங்க."

"ஊரு உலகம் தெரிஞ்சுக்க வேண்டாமா பிள்ளைங்க? எல்லாரும் கணக்கு, கணக்குன்னே ஓடினா..."

"பூகோளம் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?"

அட்லஸ் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பூகோள வாத்தியார் வேலை."

"அதைத்தான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்குறேனே" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மகள் தலையைத் தூக்காமல் சிரித்தாள். "அப்பா, ஆறு பேரு இருக்காங்கன்னா இன்னும் ஒம்பது பேரு. ஒரு நாளைக்கு ரெண்டே கால் பேரு பிடிச்சா போதும்."

"கால் பேரை எங்கேம்மா பிடிக்கறது?"

* * *

திங்கட்கிழமை மாலையே அவர் வேட்டைக்குக் கிளம்பிவிட்டார். முதல் குறி மருந்துக்கடை. மருந்துக்கடைக்காரரின் மகன் பத்தாம் வகுப்பைத் தாண்டியதே மருத்துவ உலகின் அதிசயம் என்று அவன் அப்பாவே சொல்வார். அப்படிப்பட்ட பையனுக்குக்கூடப் பூகோளத்தில் நல்ல மார்க். ஆறுகளை மட்டும் தப்பில்லாமல் வரைவான்.

"உங்க பையனுக்குப் பூகோளம்னா உயிர்" என்று ஆரம்பித்தார் அட்லஸ் சார்.

"அவனுக்குத் தூக்கம்னாகூடத்தான் உயிர். அதுக்குக் குரூப்பு இருக்கா?" மருந்துக்கடைக்காரர் ஒரு மாத்திரை அட்டையைக் கத்தரித்து ஒரு பெரியவரிடம் கொடுத்தார். "சார், கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு நாலு பேரு கேட்டா பையன் என்ன படிக்கிறான்னு சொல்றது? மலை, மழைன்னா?"

"மலைதான் சார் மழைக்கே காரணம்! கடல்லேர்ந்து காத்து கிளம்பி, அது மலையில மோதி..."

"அதெல்லாம் இருக்கட்டும். உங்க பொண்ணு எந்தக் குரூப்பு?"

கேள்வி மிகச் சாதாரணமாகத்தான் வந்தது. அட்லஸ் சார் வாசலைத் திரும்பிப் பார்த்தார். கடைக்கு வெளியே அவர் மிதிவண்டி சுவரில் சாய்ந்து நின்றது. அதில் ஏறிப் போய்விடலாமா என்று ஒரு நொடி நினைத்தார். கிழிந்த வரைபடம் கண்முன் வந்தது.

"நம்ம குரூப்புதான்" என்றார்.

"எது? கணக்கா?"

"பூகோளம்."

மருந்துக்கடைக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "ஸ்கூல் ஃபர்ஸ்ட் வாங்கின பொண்ணையா பூகோளத்துல போடுறீங்க?"

"ஏன், நல்லா படிக்கற பிள்ளைங்க உலகத்தைத் தெரிஞ்சுக்கக் கூடாதா?"

"ம்..." என்று அவர் அட்லஸ் சாரை, காலாவதி தேதி அழிந்துபோன மருந்துப் பாட்டிலைப் பார்ப்பது போலப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றேன் சார்."

பொய் என்பது முதல் தடவைதான் தொண்டையில் சிக்கும். தையல்காரரிடம் சொன்னபோது சுலபமாக இருந்தது. வங்கிக் காசாளர் அம்மாவிடம் சொன்னபோது, "அவளேதான் அடம் பிடிக்கிறா" என்று ஒரு கண்ணும் மூக்கும்கூட வரைந்துவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் மகள் காலண்டரின் அடுத்த மாதத்தையும் கிழித்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு விண்ணப்பமும் வரவில்லை. தப்பான கவுன்டரில் நின்ற பையனின் அப்பா மட்டும் வந்து, மகனை மாற்றிக்கொண்டு, போகிற போக்கில் "தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

* * *

புதன்கிழமை காலை பள்ளி வாசலில் மருந்துக்கடைக்காரர், முழுக் கைச் சட்டையில், மகனை இழுத்துக்கொண்டு நின்றார்.

"பூகோளம்" என்றார் பியூனிடம். சாமி சந்நிதியில் வேண்டுதல் சொல்கிற மாதிரி மெல்லிய குரலில்.

அவர் பின்னால் தையல்காரர். அவர் பின்னால் காசாளர் அம்மா. அவர்களுக்குப் பின்னால் அட்லஸ் சார் போய்ப் பார்க்காத வீட்டுக்காரர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள், போன வருடம் அவரைப் பார்த்து "உங்க பாடமெல்லாம் இன்னும் இருக்கா சார்?" என்று கேட்ட அச்சகக்காரர். எல்லாரும் மற்றவரைக் கண்டு திடுக்கிட்டார்கள். எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, விண்ணப்பத்தை மார்போடு மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

மதியத்துக்குள் பதினைந்து தாண்டிவிட்டது. அட்லஸ் சார் பூகோள அறைக்கு ஓடினார். அங்கே யாருமில்லை. உலக உருண்டையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். இத்தனை வருடத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் "சார், நம்ம ஊரு எங்க?" என்று கேட்டு விரல் வைத்து வைத்து, அந்த உருண்டையில் அவர்களுடைய ஊர் இருக்கும் இடமே தேய்ந்து வெள்ளையாகிவிட்டிருந்தது. புது உருண்டை வாங்கித் தருகிறோம் என்று பள்ளி சொன்னபோதும் அவர் வேண்டாம் என்றிருந்தார். அந்த வெள்ளைப் புள்ளியில் இப்போது அவரும் ஒரு விரலை வைத்தார். ஒரு சின்னப் பொய்தானே, போகட்டும், என்று தோன்றியது.

மாலையில் அது சின்னப் பொய்யாக இல்லை.

"மேலேர்ந்து ரகசிய ஆர்டர் வந்திருக்காமே சார்?" என்று அச்சகக்காரர் அவரை மடக்கினார். "இனிமே பூகோளம் படிச்சவங்களுக்குத்தான் முதல்ல வேலையாமே?"

"யாரு சொன்னது?"

"அப்ப உங்களுக்குத் தெரியும்!"

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க!"

"புரியுது சார், புரியுது. சொல்ல முடியாத நிலைமை" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு அச்சகக்காரர் தன் தங்கை மகனையும் கூட்டிவரப் போனார்.

* * *

கணக்கு வாத்தியாருக்குப் பையன்கள் வைத்த பெயர் மைனஸ். விடை சரியாக இருந்தாலும் வழி தப்பு என்று மார்க்கைக் குறைப்பார். அவரும் அட்லஸ் சாரும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடிப்பவர்கள். புதன்கிழமை மாலை அவர் தேநீரை நின்றுகொண்டே குடித்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

"என்னய்யா, உக்காரலையா?"

"எதுக்கு? டிரான்ஸ்பர்ல போறவனுக்குப் பெஞ்சு எதுக்கு?"

"யாருக்கு டிரான்ஸ்பர்?"

"எனக்குத்தான்யா! நேத்து வரைக்கும் முப்பது பேரு வர்றதா இருந்தாங்க. இன்னைக்குப் பதினொண்ணு. அதுலயும் ரெண்டு பேரு, பூகோளம் ஃபுல்லாயிடுச்சான்னு என்கிட்டயே கேக்குறாங்க. பதினஞ்சு ரூல் கணக்குக்கும்தானே?" அவர் டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "உன் பொண்ணுக்கு நான் எவ்வளவு ஆசையா சொல்லிக் கொடுத்தேன். என் சர்வீஸ்லயே அந்த மாதிரி ஒரு மூளையைப் பார்த்ததில்ல. அவளைக் கொண்டுபோய் மலையையும் மழையையும் படிக்க வைக்கறியே, உனக்கே நல்லா இருக்கா?"

"அது வந்து..."

"எந்த ஊருக்குப் போடப் போறாங்க தெரியுமா?" என்று மைனஸ் அதே ஊரின் பெயரைச் சொன்னார். "எங்க இருக்குன்னாவது சொல்லுய்யா. நீதான் பூகோளமாச்சே."

அட்லஸ் சாரால் அதுவும் முடியவில்லை.

வியாழக்கிழமை காலை, செய்ததைத் திருத்தக் கிளம்பினார். நேற்று வரிசையில் நின்றவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, "பூகோளம் ரொம்பக் கஷ்டங்க" என்றார். "மார்க்கே போட மாட்டாங்க. உங்க பொண்ணைக் கணக்குல போடுங்க."

காசாளர் அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார். "ஏன் சார், திங்கட்கிழமை வந்து சேருங்க சேருங்கன்னீங்க. இன்னைக்கு வேண்டாங்கறீங்க. தெரிஞ்சவங்களுக்குக் கொடுக்கச் சீட்டு போதலையா?"

"ஐயோ, அதில்லைம்மா."

"உங்க பொண்ணை எடுத்துட்டீங்களா அந்தக் குரூப்புலேர்ந்து?"

இல்லை என்றால் பொய். ஆமாம் என்றாலும் பொய், அவள் அதில் சேரவே இல்லை. இரண்டு பொய்க்கும் நடுவில் அவர் விழித்துக்கொண்டு நின்றார். அந்த விழிப்பைக் காசாளர் அம்மா தன் போக்கில் படித்துக்கொண்டார்.

"எடுக்கலை, பாத்தீங்களா! உங்க பொண்ணுக்கு மட்டும் நல்லது, எங்க பொண்ணுக்குக் கஷ்டமா? ஏங்க, உடனே கிளம்புங்க. தங்கச்சி பொண்ணையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க!" என்று உள்ளே இருந்த கணவரை விரட்டினார்.

தையல்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். "நீங்க வேணாம்னு சொல்றதுலயே தெரியுது சார், அதோட மதிப்பு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்று மதியம் வந்த கூட்டத்தில் கணக்கில் சேர்ந்திருந்த பதினொன்று எட்டாகிவிட்டது.

* * *

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சத்தம் கேட்டது. பாத்திரங்கள் வழக்கத்தைவிட ஓங்கி வைக்கப்பட்டன.

"வாங்க அட்லஸ்" என்றாள் மனைவி.

அட்லஸ் சார் ஒரு செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார், எதற்கும் இருக்கட்டும் என்று.

"தெருவே பேசுது. என் பொண்ணு பூகோளமாமே? எனக்கே தெரியாம எப்ப முடிவாச்சு?"

"நான் எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டார். மருந்துக்கடையில் ஆரம்பித்து, தையல்காரர், காசாளர் அம்மா, அச்சகக்காரரின் ரகசிய ஆர்டர், மைனஸ் நின்றுகொண்டு குடித்த தேநீர் வரை ஒன்று விடாமல். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள். அவள் தோள் இரண்டு தடவை குலுங்கியது. கோபத்தில் அழுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மூலையிலிருந்து மகள் எழுந்து வந்தாள்.

"பரவாயில்லப்பா. நான் பூகோளமே சேர்றேன்."

"என்னம்மா சொல்றே?"

"நான் சேரலைன்னா நீங்க பொய் சொன்னீங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. எல்லாரும் ஓடிடுவாங்க. குரூப்பு மூடிடும். நீங்க அந்தக் கிழிஞ்ச ஊருக்குப் போயிடுவீங்க." அவள் காலண்டர் தாளை நான்காக மடித்தாள். "கணக்குதானே, நான் வீட்லயே போட்டுக்கறேன். அதுக்கு ஸ்கூல் எதுக்கு?"

சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். மடித்த தாளை மட்டும் இன்னும் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தாள்.

அட்லஸ் சார் வந்த வழியே இறங்கி நடந்தார். கால் அதுவாகப் பள்ளிக்குப் போயிற்று. பூகோள அறையின் ஜன்னல்கள் திறந்திருந்தன. சாயங்கால வெயில் சுருட்டி வைத்த வரைபடங்களின் மேல் சாய்ந்திருந்தது. பழைய துணியும் சுண்ணாம்புத் தூளும் கலந்த அந்த வாசனை, அவர் சேர்ந்த முதல் நாள் இருந்தது போலவே இருந்தது. முன்பொரு வருடம் கடைசிப் பெஞ்சில் ஒரு பையன் தினமும் ஆறுகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருப்பான். பின்னாளில் கப்பலில் வேலை கிடைத்து, போகிற துறைமுகத்திலிருந்தெல்லாம் ஒரு படம் அனுப்புவான். இன்னொருத்திக்கு வடக்கும் தெற்கும் கடைசிவரை பிடிபடவில்லை. அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் ஆகி, எந்தப் பேருந்து எங்கே போகிறது என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் யாரும் முதல் மார்க் வாங்கியவர்கள் இல்லை. அவர்களுக்கு இந்த அறைதான் இருந்தது.

அவருக்கு அந்த அறையை விட்டுப் போக மனமில்லை. ஆனால் அந்தக் காலண்டர் தாள் எத்தனை மடிப்பு மடிந்தது என்று கண்முன் வந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் சொன்னார். "நாளைக்கு இவளைக் கணக்குலதான் சேக்கப் போறேன். நானே கூட்டிட்டுப் போவேன். எல்லார் முன்னாடியும் சேக்கறேன். குரூப்பு மூடட்டும். வெந்நீர் போடக் கத்துக்கறேன்."

"வெந்நீர்தான் தெரியும்னு நினைச்சேனே" என்றாள் மனைவி.

* * *

வெள்ளிக்கிழமை காலை முதல் ஆளாகப் போய்விட வேண்டும் என்று அட்லஸ் சார் விடிந்ததும் குளித்து நின்றார். சீக்கிரம் போய் உண்மையைச் சொன்னால்தான் மைனஸின் குரூப்பாவது பிழைக்கும்.

ஆனால் மகளின் புகைப்படத்தைக் காணவில்லை. மனைவி வீட்டைத் தலைகீழாக்கித் தேடினாள். கடைசியில் அது அவள் கைப்பையிலேயே இருந்தது. பிறகு மகளின் பாவாடை கசங்கியிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. "ஃபர்ஸ்ட் மார்க் வாங்கின பொண்ணு இப்படியா போவா?" இஸ்திரிப் பெட்டி சூடாக நேரமாயிற்று. தெருமுனைக்குப் போனபின் வீட்டைப் பூட்டினோமா என்ற சந்தேகம். பூட்டித்தான் இருந்தது.

"அட்மிஷன் முடிஞ்சுடும்டி!" என்று அட்லஸ் சார் குதித்தார்.

"முடியட்டுமே, நம்ம ஸ்கூல்தானே? எதுக்கு இப்படிப் பறக்கறீங்க? மெதுவா நடங்க, பிள்ளைக்கு வேர்க்குது."

பள்ளி வாசலில் கூட்டம் அலைமோதியது. அட்லஸ் சார் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, முட்டி மோதி, தலைமையாசிரியையின் மேசைக்கு முன்னால் போய் விழுந்தார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தார்.

"மேடம், எல்லார் முன்னாடியும் ஒரு உண்மையைச் சொல்..."

"மன்னிச்சுடுங்க சார்" என்றார் தலைமையாசிரியை. அவருக்குக் கண் கலங்கியே விட்டது. "பூகோளம் ஃபுல்."

"என்னது?"

"உங்க ரூம்ல இருக்கறதே முப்பது மேசை. முப்பதும் நிரம்பிடுச்சு. இதுக்கு மேல எடுத்தா பிள்ளைங்க தரையிலதான் உக்காரணும். இப்பதான் க்ளோஸ் பண்ணினேன். இடம் கிடைக்காம நின்னவங்களையெல்லாம் கணக்குக்கு அனுப்பிட்டேன். அங்க இருபத்தஞ்சு ஆச்சு." அவர் மகளைப் பார்த்தார். "உங்க சொந்தப் பொண்ணுக்கே இடமில்லாமப் போச்சே சார்! யாரையாவது விட்டுக் கொடுக்கச் சொல்லிக் கேக்கட்டுமா?"

"வேண்டாம்!" என்று அப்பாவும் மகளும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அட்லஸ் சார் சட்டென்று முகத்தைச் சோகமாக மாற்றிக்கொண்டார். உதடுதான் சொன்னபடி கேட்கவில்லை, ஓரத்தில் துடித்தது. "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் மேடம். என் பொண்ணுக்காக இன்னொரு பிள்ளை இடத்தைப் பிடுங்கக் கூடாது. கணக்குலயே போட்டுடுங்க. அவ... தாங்கிக்குவா."

மகள் தாங்கிக்கொள்ள முடியாமல் தலையைக் குனிந்து கையெழுத்துப் போட்டாள். அவள் காது மடல்வரை சிரிப்பு ஏறியிருந்தது.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு பரவியது. "பெத்த பொண்ணுக்குக்கூடச் சீட்டு பிடிக்கல பாருங்க", "மனுஷன்னா இவருதான்யா." காசாளர் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைனஸ் எங்கிருந்தோ ஓடிவந்து அட்லஸ் சாரைக் கட்டிப்பிடித்து, "எனக்காகத்தானே வேணும்னே லேட்டா வந்தே?" என்று தழுதழுத்தார். இல்லை என்று சொல்ல அட்லஸ் சார் வாயைத் திறந்தார். கட்டிப்பிடித்த பிடியில் மூச்சே வரவில்லை.

வெளியே வந்தபோது அவருக்கு உடம்பே லேசாக இருந்தது. அறை தப்பியது. நண்பன் தப்பினான். மகள் கணக்கு வகுப்பின் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்து, எந்தப் பெஞ்சு என்று இப்போதே முடிவு செய்துகொண்டிருந்தாள். மனைவி சற்றுத் தள்ளி, காசாளர் அம்மாவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் ஒரு சின்னப் பொய்யால் சாதித்துவிட்ட தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே கொஞ்சம் கூச்சமாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது.

மரத்தடியில் மருந்துக்கடைக்காரர் மகனோடு நின்றார். அவரிடம் மட்டுமாவது மனதைத் திறந்துவிட வேண்டும் என்று அட்லஸ் சாருக்குத் தோன்றியது.

"சார், அன்னைக்குக் கடையில நான் என் பொண்ணைப் பத்திச் சொன்னதை நம்பித்தானே நீங்க பையனைச் சேத்தீங்க? அதுல ஒரு சின்ன விஷயம்..."

மருந்துக்கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நீங்க சொன்னதை யாரு சார் நம்பினா? வாத்தியாருன்னா அவரு பாடத்தை உசத்தியாத்தான் சொல்வாரு. மறுநாள் காலையில உங்க வீட்டம்மா கடைக்கு வந்து, 'எங்க பொண்ணுக்குப் பூகோளத்துல இடம் பிடிச்சு வெச்சிருக்கோம், தயவு செஞ்சு வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போனாங்க பாருங்க, அப்பத்தான் நம்பினேன். இப்ப இங்க வந்தவங்ககிட்ட பேசிப் பாத்தா, இந்தத் தெருவுல ஒரு வீடு விடாம அதே சத்தியத்தை வாங்கியிருக்காங்க!"